குழாயின் பின்பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில், என் தங்கை தலைப்பிரசவம் முடிந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருந்தாள். பிள்ளை பிறந்து இருபது நாள். இரண்டு பேரும் குளிக்க மரத்தூள் அடுப்பில்தான் வெந்நீர். தூளை இடித்து நிரப்பிப் பற்ற வைத்தால் மத்தியானம் வரை கனன்றுகொண்டிருக்கும். அதன் தகரப் புகைக்குழாய் குளியலறைச் சுவரைத் துளைத்து, தங்கை படுத்திருந்த அறையின் மூலை வழியாக மேலே போனது. அப்படி வைத்த கொத்தனாரை இன்றைக்கும் திட்டுவேன். ஆனால் இதில் குற்றவாளி அவர் இல்லை.

அந்த மூலையில் இரண்டு குழாய்த் துண்டுகள் சேரும் இடத்தில் புகை கசிந்தது. அதனால் ஜன்னல் திறந்தே கிடக்கும். பச்சைப்பிள்ளைக்கு வாடைக்காற்று ஆகாதே என்று அம்மாவுக்குக் கவலை. "ஒரு ஆளக் கூப்பிடுலே" என்றாள். ஒரு குழாய்க்கு ஆளா? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றினேன். விளக்குமாற்றைக் கம்பில் கட்டி உள்ளே விட்டுக் குடைந்ததில் கூடை நிறையக் கரி கொட்டியது. திரும்ப மாட்டி, குளத்துக் களிமண்ணில் உமியும் சாம்பலும் பிசைந்து இணைப்பில் பூசி, ஈரக்கையால் வழுவழுவென்று இழைத்தேன். இரண்டு நாள் காயவிட்டு அடுப்பை மூட்டினால் ஒரு இழை புகை இல்லை.

"இனி ஜன்னலச் சாத்திக்கோ. நான் பொறுப்பு" என்றேன் தங்கையிடம். பெருமை பிடிபடவில்லை.

மறுநாளே "தலைய வலிக்குண்ணே" என்றாள். "பிள்ள ராத்திரி தூங்க விட்டிருக்காது" என்று காரணமும் நானே சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் குளிப்பாட்டி, வழக்கம்போலத் தாய்க்கும் பிள்ளைக்கும் சாம்பிராணி போட்டுவிட்டு அம்மா கதவைச் சாத்தினாள். பத்து மணிக்குச் சோறு கொண்டுபோனவள் அலறினாள்.

"ஏலே, ஓடியா! பிள்ள அசையலலே!"

தங்கை கண் சொருகிக் கிடந்தாள். பிள்ளை அவள் கைமடக்கில் ஈரத்துணியாகத் துவண்டிருந்தது. வாரி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறதா என்றே தெரியவில்லை. செத்துவிட்டது, நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அப்போது பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம். பிறகு அழுதது. அதற்குள் அம்மா தங்கையை வெளியே இழுத்து வந்திருந்தாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி கார் எடுத்தார்.

"கனலுக்குப் புகை இருக்காது, விஷக்காத்து இருக்கும். ஜன்னல் திறந்திருந்தா இது நடந்திருக்காது" என்றார் டாக்டர். கொஞ்சநஞ்சம் வந்த புகை நெடியையும் சாம்பிராணி மறைத்திருக்கிறது.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து குழாயின் பின்னால் கையை விட்டுத் தடவினேன். சுவரை ஒட்டிய பக்கத்தில் மண்ணே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும்தான் அவ்வளவு அழகாகப் பூசியிருக்கிறேன். அடுப்பையும் குழாயையும் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

அவர்கள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் வாடைக்காற்று அடித்தது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, தங்கை ஜன்னல் கதவில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"சாத்தட்டுமாண்ணே? நீ சொன்னாச் சாத்துதேன்."