முழங்காலுக்கு எழுபத்து நான்கு

போன மாதம் பள்ளிவாசலில் கதிரையில் உட்கார்ந்து தொழுதுவிட்டு வெளியே வருகிறேன். வாசலில் ஒரு கேள்வி காத்துக்கொண்டிருந்தது.

"காலையில கடற்கரையில ஓடுறீங்க. பள்ளிக்கு வந்தா மட்டும் கதிரையா?"

கேட்டவர் என்னோடு படித்தவர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன்... வாசலைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

உண்மைதானே? சுபஹ் தொழுததும் கல்முனைக் கடற்கரை வீதியில் நாலு கிலோமீட்டர் ஓடுவேன் – சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய்க்குப் பயந்து தொடங்கிய பழக்கம். ஓடும்போது வலிக்காது. அதன்பிறகு நாள் முழுக்க முழங்காலை மடக்க ஏலாது. ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து நாலு மாதமாகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் தரைக்கு ஏங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

பிசியோதெரபி செய்யும் ஒரு பிள்ளையிடம் போனேன். ஓடவிட்டுப் பார்த்தார். நிறுத்தச் சொல்லவில்லை. நான் காலை எட்டி எட்டி வைக்கிறேனாம். குதிக்காலில் விழுகிற அடியெல்லாம் முழங்காலுக்குத்தான் போகிறதாம். அடியைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னார். வலது கால் நிமிடத்துக்கு எத்தனை தரம் நிலத்தைத் தொடுகிறது என்று எண்ணி, வாரம் ஒன்றிரண்டாக எண்பதுக்குக் கொண்டுவர வேண்டும் – அவ்வளவுதான்.

எண்ணுவதா? மூச்சு வாங்கும்போது எனக்கு இருபதுக்கு மேல் கணக்குத் தப்பிவிடும்.

மறுநாள் விடிய, என் மனைவி ரஹீமாவின் தொழுகைப் பாயில் ஒரு சாமான் கிடந்தது. விரலில் மோதிரம்போல் மாட்டிக்கொண்டு, ஓத ஓத அமத்துகிற தஸ்பீஹ் கவுண்டர். உம்ராவுக்குப் போய்வந்த மச்சி கொடுத்தது. முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. ஏதோ பழைய கணக்காக்கும் என்று பூச்சியமாக்கிவிட்டு ஓடிப்போனேன்.

அருமையாக வேலை செய்தது. வலது கால் விழ விழ ஒரு அமத்து. ஒரு நிமிடம் மட்டும் எண்ணி நிறுத்தினேன் – எழுபத்து நான்கு! எதிரே வந்த ஹாஜியார் ஒருவர் என் விரலைப் பார்த்துவிட்டு "மாஷா அல்லாஹ்" என்றார். ஓட்டத்திலும் இறைவனை நினைத்துத் திக்ர் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் திருத்தவில்லை – மூச்சு இருந்தால்தானே?

பின்னேரம் அஸர் முடிந்து ரஹீமா கவுண்டரைக் கையில் எடுத்தாள். எழுபத்து நான்கு என்று காட்டியது. யார் தொட்டது என்று கேட்டாள். சொன்னேன். கோபிப்பாள் என்று காத்திருந்தேன். கோபிக்கவில்லை... அதுதான் பயமாக இருந்தது.

"லெட்சம் சலவாத்து ஓதுறதா நிய்யத்து வெச்சிருந்தன்," என்றாள். "ஒங்கட முழங்காலுக்கு."

லெட்சம் தரம் நபிகள்மீது வாழ்த்து! நாலு மாதம்! மீன் கழுவுவதற்கும் உடுப்பு மடிப்பதற்கும் இடையில் இவள் விரல் அசைந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கவனிக்கவேயில்லை. என் அடிகளை எண்ணுவதற்கு மட்டும் மெஷின் தேடியிருக்கிறேன். முப்பத்தெட்டாயிரத்துக்குப் பிறகு என்ன இலக்கம் என்று நினைவில்லையே என்று உளறினேன்.

"ஓதினது எங்கயும் போகா," என்றாள் அவள். "இந்த எழுபத்தி நாலையும் அழிக்கல்ல. அதோடயே சேத்து ஓதுறன். அதுவும் ஒங்கட முழங்காலுக்குத்தானே?"

இப்போது ஓட்டத்துக்கு என் ஃபோனில் டிக் டிக் என்று அடிக்குத் தாளம் போடும் ஒரு ஆப் இருக்கிறது. கவுண்டரைத் தொடுவதில்லை. சின்னச் சின்ன அடி வைக்க முதலில் கூச்சமாக இருந்தது, பழகிவிட்டது. எழுபத்தெட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று வீட்டில் மஃரிப் தொழுது முடிந்ததும், கதிரையைத் தள்ளிவைத்துவிட்டு மெல்ல இறங்கிப் பார்த்தேன். முழங்கால் முனகியது, ஆனால் மடிந்தது. நெற்றி பாயில் பட்டது. அப்படியே கிடந்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சலவாத்தா, சின்ன அடியா – எது சுகப்படுத்தியது? அந்த விவாதத்தை வீட்டில் நான் கிளப்பவில்லை. தரையிலிருந்து எழும்ப அவள் கையைத்தானே பிடிக்கவேண்டியிருந்தது!