பெஞ்சுக்கு மாலை

அரூர் பஸ்ஸில் உட்கார்ந்து, எந்த நாட்டு அரசு பள்ளிக் கல்விக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று ஒப்பிடும் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மேளத்தோடு ஒரு சீர்வரிசை சாலையில் வர, பஸ் நின்றது.

ஜன்னலோரம் தட்டோடு நின்றவரிடம், "யாருக்குங்கக்கா காதுகுத்து?" என்றேன்.

"காதுகுத்து இல்லீங்க. கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்குச் சீரு. எம் பொண்ணு தரையில குந்திதான் எழுதறா. கவர்மெண்டு பெஞ்சு போடும்னு இருந்தா அவ கல்யாணமே முடிஞ்சிரும். அதான் ஊரே தாய்மாமன் ஆயிட்டோம்."

பழத் தட்டுகளுக்குப் பின்னால் டிராக்டரில் மாலை போட்ட பெஞ்சுகள். அந்த அக்கா சிரித்துக்கொண்டே நடந்தார்.

கட்டுரையின் அட்டவணையில் நம் நாட்டுக்கான வரிசையை மறுபடி பார்த்தேன். தாய்மாமன் சீரை அதில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.