திறந்திருந்த ஒரே ஜன்னல்

நிமோனியா வந்து தேறிய என் கைக்குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குத் தூக்கி வந்த நாள் அது. ஐப்பசி அடைமழை. டவுன் பஸ்ஸில் எல்லா ஷட்டரையும் இறக்கியிருந்தார்கள். புர்காவும் மாஸ்க்கும் அணிந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் உட்கார்ந்ததும் அவர் குழந்தையைப் பார்த்தார். சட்டென்று எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. நோய்ப் பிள்ளை என்று ஒதுங்குகிறாராக்கும்!

போனவர் அங்கே ஷட்டரைத் தூக்கிவிட்டார். சாரல் உள்ளே அடித்தது. சிக்னலில் லாரிப் புகை வந்தால் இறக்குவார். பஸ் நகர்ந்ததும் மறுபடி தூக்குவார். கண்டக்டர் சத்தம் போட்டார்.

“ஷட்டரை இறக்குங்கம்மா, சீட்டெல்லாம் நனையுது!”

“எனக்கு ஒரே இருமலா இருக்குண்ணே. புகை பட்டா இன்னும் ஜாஸ்தியாகுது. எல்லாத்தையும் மூடிட்டா நான் இருமுறது பஸ்ஸுக்குள்ளயேதான சுத்தும்? முன்னாடி பச்சப்புள்ள இருக்கு. நான் நனைஞ்சா பரவால்லைங்க.”

கண்டக்டர் டிக்கெட் கொடுக்க முன்பக்கம் போய்விட்டார்.

பாலக்கரையில் அவர் இறங்கும்போது ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்திருந்தது. நன்றி சொல்ல எழுந்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். முகம் தெரியாத அவரை எங்கே தேடுவது? மழைநாளில் பஸ் ஏறினால் என் பக்கத்து ஷட்டரை ஒரு சாண் தூக்கி வைக்கிறேன். தோள் நனைகிறது. நனையட்டும்.