முதல் ‘வேண்டாம்’

‘வேண்டாம்’ என்றால் என்ன அர்த்தம்? இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லுமே என்கிறீர்களா? போன வாரம் எங்களோடு கொற்கைக்கு வந்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்!

டென்மார்க்கிலிருந்து நீல்ஸ் என்று ஒரு வாலிபர் வந்திருந்தார். வெள்ளைக்காரர்தான்... ஆனால் ஆளுவதற்கு வரவில்லை, ஊரில் மாடு வளர்க்கிறவர். இங்குள்ள கிராமத்து வாலிபன் ஒருவனை ஒரு வருஷம் அங்கே கூட்டிப்போய் விவசாயம் பழக்குவது, பதிலுக்கு அங்கிருந்து ஒருவரை இங்கே அனுப்புவது — அதுதான் திட்டம். ஆள் தேட வந்தவருக்கு மொழிபெயர்க்க நான்.

கொற்கையில் முத்தையா என்ற பையனின் வாழைத் தோட்டம் நீல்ஸுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. உவர் மண்ணில் தழையுரம் போட்டு அப்படி வளர்த்திருந்தான். “என்னோடு வருகிறாயா?” என்று அங்கேயே கேட்டார்.

முத்தையா தலையைச் சொறிந்தான். “நான் எதுக்கு தொரை... வேண்டாம். படிச்சவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க.”

அடப்பாவி! ஆள் தேடி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே, இந்தப் பயணத்தை நம்பிப் பக்கத்து ஏரலில் கால்சட்டை தைத்து வைத்திருக்கிறவன் இவன். ஊருக்கே தெரியும். கேட்டவுடன் ‘சரி’ என்றால் பறக்காவெட்டி என்று நினைத்துவிடுவார்களாம்! ரெண்டாம் தரம் கேட்பார்கள் என்று காத்து நின்றான்.

நீல்ஸ் கேட்டால்தானே! “நல்லது, சாயங்காலம் அடுத்த ஊரில் வேறு ஆள் பார்க்கலாம்” என்று தொப்பியை மாட்டிக்கொண்டார். நான் விடவில்லை. பையனுக்கு ஆசைதான் என்று எடுத்துச் சொன்னேன். “அவரே வேண்டாம் என்றுவிட்டார். நீங்கள் ஏன் வற்புறுத்துகிறீர்கள்?” என்று என்னை முறைத்தார். முத்தையா முகத்தில் ஈயாடவில்லை.

நல்லவேளை... அவன் அம்மா எங்களைச் சாப்பிடாமல் போக விடுவாரா? இலை போட்டுவிட்டார்.

நீல்ஸுக்குத் தெரிந்த தமிழ் ஒரே வார்த்தை. “போதும்” என்றார். ஓர் அகப்பை சோறு விழுந்தது. “போதும், போதும்!” இன்னோர் அகப்பை. “கூச்சப்படாம சாப்பிடுங்க தொரை!”

“நான் வேண்டாம் என்கிறேன்... இந்த அம்மா போட்டுக்கொண்டே இருக்கிறாரே?” என்று என்னிடம் மூச்சு வாங்கினார்.

“எங்கள் ஊரில் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொல்வது. நிஜமாகவே வேண்டாம் என்றால் ரெண்டு கையாலும் இலையை மறைக்க வேண்டும்” என்றேன்.

சட்டென்று இலைமேல் கவிழ்ந்தார் மனிதர். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து, தண்ணீர்ச் செம்போடு நின்ற முத்தையாவைப் பார்த்தார்.

“என்னோடு வருகிறாயா?”

“ஐயோ, வேண்டாம் தொரை...” — மறுபடியும்!

நீல்ஸ் சிரித்துவிட்டார். “கையால் மறைக்கவில்லையே! அப்படியானால் வருகிறான்!”

அதை நான் தமிழில் சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முத்தையாவோ, “இம்புட்டுச் சொல்லுதிய... சரி, வாரேன்” என்றான். ஏதோ எங்களுக்காகத் தியாகம் செய்கிறவன் மாதிரி! எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாமெல்லாம் ‘வேண்டாம்’ சொல்வது, மறுபடி கேட்க ஆள் இருக்கிற தைரியத்தில்தானே? அங்கே யார் கேட்பார்கள்? அதுதான் எனக்குக் கவலை.

நேற்று பாஸ்போர்ட் போட்டோ எடுக்கத் தூத்துக்குடி வந்திருந்தான். காப்பி கிளப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். “ஏலே, அங்கன ஒரு தரந்தான் கேப்பாங்க. பசிச்சா உடனே ‘ஆமா’ன்னு சொல்லணும், என்ன?”

பலமாகத் தலையாட்டினான்.

“சரி, இப்ப சொல்லு... பசிக்கா?”

“இல்ல அண்ணாச்சி, பரவால்ல... நீங்க சாப்பிடுங்க.”

விளங்கின மாதிரிதான்!