இளவேனில் செத்தாளா, பிழைத்தாளா

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ் சோபியாவின் ஊருக்குள் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது தண்ணீர் டேங்க்தான். அதன் கீழே எட்டுக்கு எட்டில் ஒரு மோட்டார் ரூம். காலை ஐந்தரைக்கு வந்து மோட்டாரைப் போட்டு, டேங்க் நிரம்பும்வரை காத்திருந்து, பிறகு தெருத்தெருவாக வால்வைத் திருப்பித் தண்ணீர் விடுவது சோபியாவின் வேலை. வயது நாற்பத்தொன்று. ஒன்பது வருஷமாக ஒரு நாளும் ஊருக்குத் தண்ணீர் தவறியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தங்கை கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு வந்து வால்வைத் திருப்பிவிட்டுப் போனவள்.

டேங்க் நிரம்ப இரண்டரை மணி நேரம் ஆகும். அதை அவள் போனில் கழிப்பது வழக்கம். போன வருஷம் ஒரு நாள் போனில் சார்ஜ் இல்லை. பைக்குள் கையை விட்டால், மகள் ஏஞ்சல் தவறிப்போய் அதில் வைத்த பள்ளிக்கூட லைப்ரரி புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டையில் நான்கு பெண்பிள்ளைகள் ஒரு மதில்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ‘பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை’ என்று போட்டிருந்தது. பத்தாவதில் கணக்கில் தோற்று வீட்டோடு இருந்துவிட்ட சோபியா, அதற்குப் பிறகு பைபிளைத் தவிர எதையும் முழுசாகப் படித்ததில்லை. சும்மா இரண்டு பக்கம் பார்க்கலாம் என்று பிரித்தாள்.

மலையூர் ஒன்றில் விடுதியில் தங்கிப் படிக்கிற நாலு பெண்களின் கதை அது. அதில் இளவேனில் என்பவள் ஓட்டக்காரி. இதயத்தில் ஓட்டை இருப்பதை யாருக்கும் சொல்லாமல் மாவட்டப் போட்டியில் ஓடவேண்டும் என்று துடிக்கிறாள். வார்டன் வெளியே விடமாட்டேன் என்கிறார். அன்றைக்கு சோபியா அந்த இடத்தில் இருந்தபோதுதான் டேங்க் நிரம்பி வழிந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. வழிந்த தண்ணீர் அடுத்த காணியில் இருந்த தாயாரம்மாளின் வைக்கோல் போர்மேல் கொட்டியது.

தாயாரம்மாளுக்குச் சொந்தமாக நாலு ஏக்கர் நஞ்சை, இரண்டு கறவை மாடு, நல்ல தொண்டை எல்லாம் உண்டு. மூன்றாவதைக் கூட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு வந்தார். வந்தவர் உள்ளே சோபியா கண் கலங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வைக்கோலை மறந்துபோனார்.

“இன்னாடி ஆச்சு?”

கதையிலிருந்து இன்னும் முழுசாக வெளியே வராத சோபியா, “இளவேனிலு ஹாஸ்டல் சொவுரு ஏறிக் குதிச்சிட்டாம்மா” என்றாள்.

“எந்த ஊரு பொண்ணுடி? கை காலு உடைஞ்சுதா?”

“தெரியலம்மா. அடுத்த பக்கம் இன்னும் படிக்கல.”

தாயாரம்மாள் திட்டியிருக்கவேண்டும். ஆனால் பெண்பிள்ளை சுவரேறிக் குதித்துக் கிடக்கும்போது எப்படி விட்டுவிட்டுப் போவது? படி, கேட்கிறேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் பாதிச் சேதி காதில் விழுந்த யாரோ அதைப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோக, சாயங்காலம் இரண்டு பெண்கள் சோபியா வீட்டுக்கு வந்து, உங்கள் சொந்தக்காரப் பெண் விடுதியில் விழுந்துவிட்டதாமே, இப்போது எப்படி இருக்கிறாள் என்று துக்கம் விசாரித்தார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லி அனுப்புவதற்குள் ஏஞ்சலுக்கு மானம் போய்விட்டது. பதினோராவது படிக்கிற பெண். இது சின்னப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம், நீ ஏன் படிக்கிறாய் என்று கேட்டாள். பதினேழு வரைக்கும் என்று போட்டிருக்கிறது, தான் அதைப் பாஸ் பண்ணி ரொம்ப நாள் ஆகிறது என்று சோபியா பதில் சொன்னாள்.

மூன்று தடவை படித்த பிறகுதான் புத்தகம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. அடுத்தடுத்து வேறு புத்தகங்களும் வந்தன. ஆனாலும் இளவேனிலுக்கு ஈடாக யாரும் வரவில்லை. கதையின் கடைசியில் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் செத்துப்போவாள். அந்தப் பக்கத்தை மட்டும் சோபியா யாருக்கும் படித்துக் காட்டவில்லை. தாயாரம்மாள் கேட்டதற்கும் மீதி அப்புறம் என்று தட்டிக்கழித்துவிட்டாள்.

இந்த ஐப்பசியில் அந்தக் கதை படமாகிப் போனில் வந்தது. ஏஞ்சல்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். சனிக்கிழமை நல்ல மழை. சோபியாவின் புருஷன் ஆல்பர்ட் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவன். மழை பெய்தால் அவனுக்கு லீவு. சாயங்காலத் தண்ணீரை அரைமணி முன்னதாகவே விட்டு முடித்துவிட்டு சோபியா வீட்டுக்கு ஓடி வந்தாள். ஏஞ்சல் போனை டிவியோடு இணைத்தாள். ஆல்பர்ட் பாயை விரித்து, சுவரோரமாகத் தலையணைகளை அடுக்கினான். வேர்க்கடலை வேகவைத்து, சுக்குக் காபி போட்டு, ஆளுக்கொரு போர்வையோடு உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தப் போனபோது வெளியே தாயாரம்மாள் குடையோடு நின்றார். மழையில் கேபிள் போய்விட்டதாம். இங்கே இளவேனில் படம் ஓடப்போவதும் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. அதுவரை அந்தத் தெருப் பக்கம் வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறவர், அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். நாற்காலி போட்டார்கள். இடுப்புக்கு ஆகாது என்று சொல்லிப் பாயிலேயே சாய்ந்துகொண்டார். கடலை இருக்கிற பக்கமாகப் பார்த்துத்தான் சாய்ந்தார்.

படம் போடுமுன் ஏஞ்சல் அம்மாவுக்கு ஒரு கண்டிஷன் போட்டாள். வாயைத் திறந்து கதை சொல்லக்கூடாது. சோபியா சத்தியம் பண்ணிக்கொடுத்தாள், அதைக் காப்பாற்றவும் செய்தாள். ஆனால் முகத்துக்கு யாரும் சத்தியம் வாங்கவில்லையே. சிரிப்புக் காட்சி வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வார்டன் வருவதற்குள் போர்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஆல்பர்ட் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெண்டாட்டியைப் பார்க்கத் தொடங்கினான். தாயாரம்மாளும் அப்படித்தான். டிவியில் என்ன வரப்போகிறது என்று சோபியாவின் முகத்தில் பார்த்துக்கொண்டு, வந்த பிறகு டிவியில் சரிபார்த்துக்கொண்டார்கள்.

கடைசி அரைமணி வந்தது. படத்தில் நாலு பெண்களும் மொட்டைமாடியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சோபியாவின் கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது.

“மாங்கா துன்றதுக்கு இன்னாத்துக்கு அய்வுறே?” என்று ஆல்பர்ட் கேட்டான். பிறகு அவனுக்கே புரிந்துபோய் முகம் மாறியது. ஏஞ்சல் போர்வையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தாயாரம்மாள் கையிலிருந்த கடலையைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இளவேனில் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சோபியா விம்மி விம்மி அழுதாள், மூன்று பேரும் அவளோடு சேர்ந்து அழுதார்கள். அந்த நேரம் பார்த்து இளவேனில் கண்ணைத் திறந்து, பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள்.

முதலில் தாயாரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏஞ்சலுக்கு. ஆல்பர்ட் சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். சோபியா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இது பித்தலாட்டம், புத்தகத்தில் அவள் செத்துவிட்டாள் என்றாள். ஒருத்தரும் நம்பவில்லை. பொம்பளை எங்கேயோ தூக்கத்தில் படித்திருக்கிறாள் என்றான் ஆல்பர்ட். ஏஞ்சலைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், தான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை, பள்ளிக்கூடத்தில் நடந்த வாசிப்புப் போட்டிக்கு வேண்டிச் சுருக்கத்தை மட்டும் பார்த்தேன் என்று ஒத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் சாகடிக்கப் பார்க்கிறாளே என்று தாயாரம்மாள் போகிறபோது வருத்தப்பட்டார்.

சோபியாவுக்கு ஆறவே இல்லை. ஒரு வாரம் அதையே பேசினாள். அடுத்த சனிக்கிழமை ஆல்பர்ட் உத்திரமேரூர் லைப்ரரிக்குப் போய், பெண்ணுக்கு வேண்டும் என்று சொல்லி உறுப்பினராகி அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தான். நீ சொன்னது பொய் என்று காட்டத்தான் எடுத்தேன் என்றான். கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. அப்படிப் பார்ப்பது நியாயமில்லை என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டு, சாரத்தில் டீ குடிக்கிற நேரம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த நேரம் என்று படித்தான். மூன்று வாரம் ஆயிற்று. இந்த நாட்களில் சோபியா வாயைத் திறக்காமல் இருந்ததைச் சாதனை என்றுதான் சொல்லவேண்டும். வார்டனை அவன் திட்டினால் மட்டும் அடுப்பங்கரையிலிருந்து கூடச் சேர்ந்து திட்டுவாள்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவன் முகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக்கூடக் கழுவாமல் அவளெதிரில் புத்தகத்தோடு உட்கார்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“இந்தப் புக்குல கடைசில பக்கம் கியிஞ்சிக்கினு போயிருக்கும்போல கீது, சோபி. நூத்தித் தொண்ணூத்தாறோட நிக்குது.”

சோபியா வாங்கிப் புரட்டினாள். எல்லாப் பக்கமும் இருந்தது. இளவேனில் செத்துப்போகிற நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு அப்புறம் வேறு புத்தகங்களின் பட்டியல்தான். ஒரு மாதமாக அவள் காத்திருந்த நேரம் அது. அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமாங்க,” என்றாள். “கியிஞ்சிதான் போயிருக்குது.”

“அதானே பார்த்தேன்” என்று ஆல்பர்ட் எழுந்து முகம் கழுவப் போனான். துண்டால் துடைத்துக்கொண்டே, அந்தப் படத்தில் கடைசி அரைமணியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னான். சோபியா ஏஞ்சலைக் கூப்பிட்டு போனை வாங்கினாள்.