சாய்ந்து தெரிந்த திராட்சை

எங்கள் பன்னீர் திராட்சையை விற்க இணையதளத்தில் நான் ஏற்றிய படமெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்தே தெரிந்தது. பக்கத்துத் தோட்டம் கொழுந்தன் பெண்டாட்டியுடையது. அவள் படங்கள் மட்டும் நேராக நின்றன.

"சின்னவ படம் எம்புட்டு அழகா இருக்கு," என்றார் மாமியார். எனக்கு வயிறு எரிந்தது. அழித்து அழித்து மறுபடி ஏற்றினேன், அப்படியேதான் வந்தது. கடைசியில் மனசில்லாமல் அவளிடமே கேட்டேன்.

"போனு தானா நேராக்கிக் காட்டுதுக்கா. அந்த சைட்டுக்கு அது தெரியாது. எடிட்ல போயி ஓரத்த லேசா வெட்டி, சேவ் பண்ணி ஏத்துங்க."

அவள் சொன்னபடி செய்ததும் நேராக வந்துவிட்டது. என் படத்தையும் அவள் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அவள் தோட்டத்துக் குலைதான் திரட்சியாக இருந்தது.

"சரியாயிருச்சாக்கா?" என்றாள்.

"ம்," என்று மட்டும் சொன்னேன்.