கறுப்புத் திரையில் ஓடிய என் காலை

மண்சரிவு அபாயமுள்ள லய வரிசைவீடுகளிலிருந்து புதுவீட்டுக்கு மாறவேண்டிய குடும்பங்களின் பட்டியலைக் கணினியில் தொலைத்தவன் நான்தான். எதையும் தொடவில்லை என்று தேயிலைத் தோட்ட அலுவலகமே கேட்கச் சத்தியம் செய்தவனும் நான்தான். பட்டியலை வாங்கிப்போக அரசாங்க அதிகாரி மத்தியானம் வருகிறார். வேறு பிரதியும் இல்லை.

பதுளையிலிருந்து கணினி திருத்துபவர் வந்தார். ஒல்லியான மனிதர். கைகள் எப்போதும் சுவெட்டர் பைக்குள்தான்.

“கட்டளை அடிக்கிற இந்தக் கறுப்புத் திரையில யார் என்ன அடிச்சாலும் தானாப் பதிவாகிற மாதிரி போன மாசமே செஞ்சு வச்சிருக்கேங்க. போட்டுப் பார்ப்போமா?”

தலையாட்டி வைத்தேன். ஒரு விசையைத் தட்டிவிட்டுக் கைகளை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டார். என் காலை முழுவதும் படம்போல் ஓடியது. எழுத்துகள் வந்தன, அழிந்தன, தப்பாகவே திரும்பி வந்தன. பதற்றத்தில் ‘கடவுளே’ என்றுகூட அடித்திருந்தேன். அப்படியொரு கட்டளை இல்லை என்று கணினி பதில் சொல்லியிருந்தது. அவர் முகத்தில் சலனமே இல்லை.

சட்டென்று ஒரு கை வெளியே வந்தது. “இந்தா இருக்கு! அழிக்கலைங்க, கோப்போட பேரைத்தான் மாத்தியிருக்கீங்க!”

பட்டியல் திரையில் விரிந்தது, ஒரு குடும்பமும் குறையாமல். நான் துள்ளிய துள்ளலில் நாற்காலி சாய்ந்தது.

“ஒரு தடவைகூடச் சிரிக்கலையே, என்ன மனுஷன்!” என்று மாலையில் காவலாளியிடம் வியந்தேன்.

“ஆமாங்கய்யா, ரொம்ப மரியாதையான ஆளு. கேட்டைத் தாண்டினப்புறம்தான் சிரிச்சாரு.”